நான்கு வரிகளுக்கு மிகாமல்

ஒன்றிய அலுவலகப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
ஊரின் வரலாறு. நான்கு வரிகளுக்கு மிகாமல்.
பேனாவும் மேசையும் இருப்பது எனக்குத்தான் என்று
கிளார்க் அதைப் பால் சொசைட்டியில் வைத்துவிட்டுப் போனார்.
காற்றில் பறக்காமலிருக்க
மேலே ஒரு எடைக்கல்.

பேலதொட்டி.
தளியிலிருந்து பதினொரு கிலோமீட்டர்,
கடைசி மூன்றுக்குத் தார் கிடையாது.
வீடு நூற்று நாற்பது, கறவை இருநூற்றுப் பத்து.
மார்கழி விடியலில் வாய் திறந்தால்
மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே புகை.
பாலுக்குத் தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு.
தண்ணீர் ஏன் என்று கேட்டால் மட்டும்
மூன்று பாஷைக்கும் ஒரே பதில்:
"மழைக்காலம்மா, புல்லே அப்படி."

வரிசையில் நின்றவர்களைக் கேட்டேன்.
யானைக்குப் பயந்து வந்து தங்கிய இடம் என்றார் லகுமய்யா.
யானை தங்கியிருந்த இடத்துக்கு
நாம்தான் வந்தோம் என்றாள் முனித்தாயம்மா.
இரவெல்லாம் பரணில் விழித்த கண் அவளுக்கு.
ராகியில் பாதி
ஏற்கெனவே காட்டுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

ஏரிக்கரையில் ஒரு கல் உண்டு,
பையன்களுக்கு அதுதான் ஸ்டம்பு.
வில்லோடு ஒருவன், இடுப்பில் கத்தி,
காலடியில் சின்னதாய் இரண்டு மாடு.
கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு பேர் வந்து
சுண்ணாம்புப் பொடி தூவி வாசித்தார்கள்:
தொறு மீட்டுப் பட்டான்.
பெயர் இருந்த இடம் பொரிந்துபோயிருந்தது.
"சரி, மாடு திரும்பி வந்துச்சா?" என்றான் திம்மராயன்.
கல்லில் அது இல்லை என்றார்கள்.

என்னிடம் இருப்பது சொசைட்டி ரெஜிஸ்டர்.
எண்பத்தொன்றில் ஆரம்பம்,
அட்டையை எலி தின்றிருக்கிறது.
தீர்மானம் நான்கு:
வசதி கருதி இரண்டு கேன்.
ஊர்க் கேன் ஒரு பத்தியில், காலனிக் கேன் மறு பத்தியில்.
யாருடைய வசதி என்று எழுதவில்லை.
இரண்டும் ஒரே லாரியில் ஏறி
ஓசூரில் ஒரே தொட்டியில் விழும்.
எல்லோருக்கும் தெரியும்.
ஓசூர் தூரம், அதனால் பரவாயில்லை.

தொண்ணூற்றாறு ஐப்பசி,
ஓடைப் பாலம் போன வாரம்.
கயிறு கட்டி, கழுத்தளவு தண்ணீரில்
கேனைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் எங்கள் தெருக்காரர்கள்.
இரண்டாம் நாள் ஒரு கேனை ஓடை இழுத்துக்கொண்டது.
மிஞ்சியது எங்களுடையது.

அன்று மாலை வெகுநேரம்
பாத்திரங்கள் தரையிலேயே இருந்தன.
பிறகு தலைவர் சம்சாரம் கெம்பம்மா,
"திரிஞ்சு போனா யாருக்கு லாபம்?" என்று
யார் முகத்தையும் பார்க்காமல்
எங்கள் கேனில் ஏழு லிட்டர் ஊற்றினாள்.
பெருந்தன்மை என்று நான் எழுத மாட்டேன்.
ஏழு லிட்டர்.

அந்தத் தேதியில் தீர்மானம் எதுவும் இல்லை.
மறுநாளிலிருந்து ரெஜிஸ்டரில்
பத்தி ஒன்று குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.
டீக்கடை டம்ளருக்கு இன்னும் எட்டு வருஷம் ஆயிற்று.
கோயிலைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.

எழுதினேன்:
இவ்வூரார் மாடு வளர்ப்பவர்கள்.
ஒருமுறை மாடு களவுபோனது; மீட்டவன் இறந்தான், பெயர் தெரியவில்லை.
ஒருமுறை ஓடையில் ஒரு கேன் போனது; யாரும் மீட்கவில்லை.
அதன்பின் ஒரே கேன்.

கிளார்க் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.
"திருவிழா, பிரமுகர்னு ஏதாவது சேர்த்துக் குடும்மா."
அதற்குள் மேட்டில் லாரி ஹாரன்.
எடைக்கல்லைத் திரும்பத் தாளின்மேல் வைத்தேன்.
திம்மராயன் பாத்திரத்தை நீட்டினான்.
ஃபேட் மூன்று புள்ளி ஆறு.
புல்லே அப்படி என்றான்.